ஐந்து கிலோ இழுப்பு

மூன்று அங்குலக் குழல் ரிவால்வரை வைத்துக்கொண்டு போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறேன் என்று சொன்னால், வேலூரில் இரண்டு விதமான பதில்தான் வரும். துப்பாக்கி தெரியாதவர்கள், "எதுக்குங்க இந்த வேண்டாத வேலை" என்பார்கள். துப்பாக்கி தெரிந்தவர்கள் இன்னும் மோசம். "அதுல குறி நிக்காது சார். பக்கத்துல வந்தவனைச் சுடறதுக்குத்தான் அது" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது தப்பு. ஏன் தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ரிவால்வர் நைனாவுடையது, அதாவது அப்பாவுடையது. மண்டித் தெருவில் வெல்ல மண்டி வைத்திருந்தார். வசூல் பணத்தை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு குடியாத்தம், சித்தூர் என்று பஸ்ஸில் அலைந்த காலத்தில், கூட்டாளி ஒருவர் பேச்சைக் கேட்டு உரிமம் எடுத்தார். கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை செய்த, .32 ரகத் தோட்டா போடும் ரிவால்வரை வாங்கினார். வாங்கியதோடு சரி. ஆயுத பூஜை அன்று தராசு, எடைக்கல், கணக்கு நோட்டு வரிசையில் அதையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவார். மற்ற நாளெல்லாம் பீரோவில் பூட்டிக் கிடக்கும். அவர் இருந்தவரை அது ஒரு தடவைகூட வெடித்ததில்லை என்று அம்மா சத்தியம் செய்வாள். அவர் போன பிறகு வாரிசு முறையில் உரிமம் என் பெயருக்கு வந்தது. மனு, போலீஸ் விசாரணை, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் என்று எல்லோருக்கும் உள்ள வழிதான், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

இந்த ரிவால்வரின் பூர்வீகம் இங்கிலாந்து. வெப்லி கம்பெனி பிரிட்டிஷ் படைக்குச் செய்த ரிவால்வரின் வடிவத்தைச் சின்னதாக்கியதுதான் இது. கட்டை விரலால் பக்கத்துத் தாழ்ப்பாளைத் தள்ளினால் பேரல் முன்பக்கமாக மடங்கும். மடங்கும்போதே நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழுந்து, சுட்டு முடித்த தோட்டாக்களின் ஆறு உறைகளையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். அமெரிக்கக் குட்டை ரிவால்வர்கள் வேறு ஜாதி. 1927-இல் கோல்ட் கம்பெனி கொண்டுவந்த டிடெக்டிவ் ஸ்பெஷலுக்கு 2 அங்குலக் குழல், 6 தோட்டா. 1950-இல் ஸ்மித் அண்ட் வெசன் கொண்டுவந்த சீஃப்ஸ் ஸ்பெஷல் அதைவிடச் சின்னது, 5 தோட்டாதான். இவற்றில் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். உறைகளைத் தள்ளும் கம்பியும் குழலுக்கு ஏற்றபடி குட்டை என்பதால், உறைகள் பாதி வழியில் நின்றுகொண்டு விழமாட்டேன் என்று அடம் பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் கான்பூர்க்காரர் கெட்டிக்காரர்.

தோட்டாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ".32 என்பது பழங்காலத்துச் சரக்கு, சுண்டைக்காய்" என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. பழசு என்பது உண்மைதான். .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் என்ற இந்தத் தோட்டா 1896-இல் வந்தது. ஆனால் உலகப் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் என்று ஒரு பிரிவு இருக்கிறதே, அதில் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது இதே தோட்டாதான். குண்டின் முனை மட்டும் மழுங்கலாக, தட்டையாக இருக்கும். தாளில் சுத்தமான வட்டமாக ஓட்டை விழுவதற்காக அப்படி. 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய வீரர் ஜஸ்பால் ராணா 600-க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் பிரிவில்தான். அன்று அவருக்குக் காய்ச்சல் வேறு. ஆகவே தோட்டாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் குட்டைக் குழலில் என்னதான் பிரச்சினை? பேரல் குட்டையானால் குண்டின் வேகம் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான், திசை மாறாது. ரிவால்வரை அசையாத இரும்புப் பிடியில் இறுக்கிவைத்துச் சுட்டால் குட்டைக் குழலும் ஓட்டைகளை நெருக்கமாகவே போடும். பிரச்சினை குறி பார்க்கிற இடத்தில் இருக்கிறது. என் ரிவால்வரில், குறி பார்க்க வைத்திருக்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 12 சென்டிமீட்டர் சொச்சம். போட்டிப் பிஸ்டல்களில் 22 சென்டிமீட்டர் வரை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில் நாங்கள் சுடுவது 15 மீட்டர். முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினால், போட்டிப் பிஸ்டலில் குண்டு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். என்னுடையதில் 12 சென்டிமீட்டருக்கு மேல். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 5 சென்டிமீட்டர்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், பத்துக்குள் விழ வேண்டுமென்றால் எனக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது. ரிவால்வர் பொய் சொல்வதில்லை. கை செய்த தப்பைக் கொஞ்சமும் மூடி மறைக்காமல் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

கை ஏன் தப்புச் செய்கிறது என்று தேடினால் டிரிகரில் போய் நிற்கும்.

எங்கள் சங்கத்தின் உள்போட்டியில், தோட்டாவின் அடியில் அடித்து வெடிக்கவைக்கும் ஹேமரைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுடக் கூடாது. டிரிகரை மட்டுமே இழுத்து, ஆறு ரவுண்டையும் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஹேமரை முன்னாலேயே இழுத்து வைத்திருந்தால் டிரிகருக்கு ஒரே ஒரு வேலைதான், அதை விடுவிப்பது. இழுத்து வைக்காமல் சுட்டால் மூன்று வேலை. ஒரே இழுப்பில் ஹேமரை அதன் ஸ்பிரிங்கை எதிர்த்துத் தூக்க வேண்டும். சிலிண்டரை ஆறில் ஒரு பங்கு சுற்றி அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து பூட்ட வேண்டும். கடைசியில் ஹேமரை விட வேண்டும். இதெல்லாம் ஒரு விரல் செய்கிற வேலை.

அந்த விரல் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க நைனாவின் மண்டியில் கிடந்த ஸ்பிரிங் தராசை எடுத்துவந்தேன். கொக்கி போட்டுத் தொங்கவிடுகிற பழைய பித்தளைத் தராசு. வெற்றுச் சிலிண்டரா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, ரிவால்வரைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, கொக்கியை டிரிகரில் மாட்டி மெதுவாக இழுத்தேன். முள் இரண்டைத் தாண்டியது, மூன்றைத் தாண்டியது. சிலிண்டர் நகர ஆரம்பித்தது. நான்கில் 'கிளிக்' என்று சிலிண்டர் பூட்டிக்கொண்ட சத்தம். ஐந்தை நெருங்கும்போது ஹேமர் விழுந்தது. ரிவால்வரின் எடையோ முக்கால் கிலோவுக்கும் கீழே.

எனக்கு எல்லாம் விளங்கியது அந்த இடத்தில்தான். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் டிரிகர் இழுப்பு குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. பிஸ்டலின் எடை ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். அதாவது தன் எடையில் பாதி விசையால் இழுபடுகிற பொருளை அசையாமல் பிடிக்க வேண்டும். அதற்கே வருஷக்கணக்காகப் பயிற்சி. இங்கே தன் எடையைப் போல ஏழு மடங்கு விசையால் இழுபடுகிற பொருளை, 0.2 மில்லிமீட்டர் பிசகாமல் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குழல் குட்டை என்பதெல்லாம் இதற்கு முன்னால் சின்ன விஷயம். பயிற்சி என்று நான் செய்வதில் முக்கால்வாசியும் இந்த ஏழு மடங்கோடு மல்லுக்கட்டுவதுதான்.

என் வாத்தியார் கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போன ஊர் என்று பெயர் வாங்கிய ஊர். ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், படையில் இருந்தபோது புதுப் பையன்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர். தமிழில் பாடம் நடத்தினாலும் மந்திரம் இந்திதான்: "மஸ்பூத் பக்கட், துருஸ்த் சிஸ்த், சஹி டிரிகர் ஆபரேஷன்." இறுக்கமான பிடி, சரியான குறி, ஒழுங்கான டிரிகர் இழுப்பு. என்.சி.சி.யில் இருந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். முதலில் அவரும் என் ரிவால்வரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர்தான். அப்புறம் நான் தோட்டா போடாமல் காலியாக டிரிகரை இழுப்பதை ஓரமாக நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா தம்பி, டிரிகரை இஸ்துக்கினு கீறியா, கையையே இஸ்துக்கினு கீறியா?"

"டிரிகரைத்தான் வாத்தியாரே."

"அப்போ முனை ஏன் ஆடுது? தோட்டாப் பெட்டியை எடுத்து உள்ள வையி. நான் சொல்ற வரைக்கும் தொடாத."

நெடுநாள் தொட விடவில்லை. அதில் அவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. உரிமப் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குமேல் தோட்டா வாங்க முடியாது, விலையும் மலிவில்லை. அமெரிக்காக்காரன் ஒரு சனிக்கிழமையில் சுட்டுத் தள்ளுவதை நாம் ஒரு வருஷம் வைத்துக் காப்பாற்ற வேண்டும். ஆகவே தோட்டா இல்லாத பயிற்சிதான் பயிற்சி. தோட்டாவோடு சுடுவது அது சரியாக நடந்ததா என்று பார்க்கிற பரீட்சை.

இதற்கு வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். தோட்டாக்கள் கீழ் வீட்டுப் பீரோவில் பூட்டி, சாவி மனைவியிடம். நான் மாடி அறையில். ரிவால்வரை மடக்கி ஆறு அறையையும் கண்ணால் ஒரு தடவை, விரலால் ஒரு தடவை பார்க்க வேண்டும். எதிரே இருப்பது கனமான செங்கல் சுவராக இருக்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால், போன் வந்தால், திரும்பி வந்து முதலிலிருந்து எல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். "காலித் துப்பாக்கிதான் ஆளைக் கொல்லும்" என்று வாத்தியார் சொல்வது படையில் எல்லோரும் சொல்கிற சொல்தான். ஆனால் அவர் சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

காலியாக ஹேமரை அடிக்கவிட்டுக்கொண்டே இருந்தால் அதன் ஊசி கெட்டுப்போகும். வெளிநாட்டில் இதற்கென்றே போலித் தோட்டா விற்கிறார்கள். நான் சுட்டு முடித்த உறைகளில் ஆறை எடுத்து, அடியில் இருந்த வெடித்த கேப்பைக் குத்தி வெளியே தள்ளிவிட்டு, அந்தக் குழியில் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரை வட்டமாக வெட்டி அடைத்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சிலிண்டர் சுற்றாது, பிளேடால் சமமாகச் சீவ வேண்டும். உண்மைத் தோட்டாவோடு ஒருபோதும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக உறை முழுக்கப் பச்சைப் பெயின்ட். ஊசி ரப்பரில் குத்திக் குத்திப் பள்ளமானதும் புது ரப்பர்.

சுவர்ப் பயிற்சிதான் இதில் எனக்குப் பிடித்தது. வெள்ளையடித்த சுவருக்கு நேரே, முனை சுவரைத் தொடாமல் இரண்டு விரற்கடை தள்ளி நிற்க வேண்டும். சுவரில் புள்ளி இல்லை, வட்டம் இல்லை. பார்ப்பதற்கு முன் சைட்டைத் தவிர வேறு எதுவும் இல்லாததால், அது எப்போது எந்தப் பக்கம் நகர்கிறது என்று அப்பட்டமாகத் தெரியும். இழுப்பின் ஆரம்பத்தில் சிலிண்டர் நகரும்போது முன் சைட் இடப்பக்கம் லேசாகச் சாயும். கடைசியில் ஹேமர் விழப்போகிற நேரம் கீழே முக்கும். முதலாவது விரல் வைக்கிற இடத்தைப் பொறுத்தது. ஏர் பிஸ்டலில் விரல் நுனிச் சதையை வைக்கச் சொல்வார்கள். இங்கே அது செல்லாது, முதல் கணு வரை விரலை உள்ளே விட வேண்டும். இரண்டாவதுக்குக் காரணம் விரலே இல்லை. ஆள்காட்டி விரல் இழுக்கும்போது மற்ற மூன்று விரல்களும் கூடச் சேர்ந்து இறுக்குகின்றன. அதற்கு மருந்து, ஆரம்பத்திலேயே அந்த மூன்றையும் முழு இறுக்கத்தில் வைத்துவிடுவது. ஏற்கெனவே இறுகியிருப்பது மேலும் இறுகாது.

இழுப்பை எப்படி இழுப்பது என்பதில்தான் எனக்கும் டல்லாஸில் இருக்கும் சித்தி பையனுக்கும் சண்டை. அவன் அங்கே ஐ.டி.பி.ஏ. என்ற அமைப்பின் போட்டிகளில் சுடுகிறான். 1996-இல் ஆரம்பித்த அமைப்பு. அதில் குட்டைத் துப்பாக்கிகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அவனிடம் இருப்பது ஸ்மித் அண்ட் வெசன் .38. அங்கே மதிப்பெண் முறையே வேறு. எடுத்துக்கொண்ட வினாடிகள்தான் மதிப்பெண், குறி தவறிய ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வினாடி கூடும். நடு வட்டம் 8 அங்குலம், 20 சென்டிமீட்டர். நம் பத்துப் புள்ளி வட்டத்தோடு ஒப்பிட்டால் அது மைதானம்.

"அண்ணா, நடுவுல நிறுத்தாத. ஒரே இழுப்பா இழுத்து விடு" என்பான் அவன். அவன் கட்சிக்கு ஆள் பலம் அதிகம். 1932-இல் எட் மெக்கிவர்ன் என்ற அமெரிக்கர் 5 குண்டுகளை அரை வினாடிக்கும் குறைவான நேரத்தில் சுட்டார், ரிவால்வரில், டிரிகரை மட்டும் இழுத்து. 1999-இல் ஜெர்ரி மிக்குலெக் 6 சுட்டு, மறுபடி தோட்டா போட்டு, இன்னும் 6 சுட்டு, எல்லாவற்றையும் 2.99 வினாடியில் முடித்தார். இவர்கள் யாரும் நடுவில் நின்று யோசித்துச் சுட்டவர்கள் இல்லை.

என் வாதம் வேறு. என் ரிவால்வரில் சிலிண்டர் பூட்டிக்கொள்ளும் 'கிளிக்' காதில் விழும், விரலிலும் தெரியும். அந்த இடத்தில் ஒரு நொடி நின்று, சைட்டைச் சரிபார்த்து, மிச்சமுள்ள கொஞ்ச தூரத்தை இழுத்தால் 15 மீட்டரில் ஓட்டைகள் நெருக்கமாக விழுகின்றன. "அது டிரிகர் சுடறது இல்ல, நீ பயந்துக்கினு சுடறது" என்று வாத்தியார் தம்பி கட்சிக்கே ஓட்டுப் போட்டார். அவர் பயம் என்று சொன்னது சும்மா இல்லை. நின்று பார்க்கிறவன், சைட் சரியாக இருக்கிற கணத்தில் "இப்போ!" என்று விரலை வெட்டுவான். அந்த வெட்டில் முனை கீழே போகும். நிற்காமல் இழுப்பவனுக்கு எப்போது வெடிக்கும் என்று தெரியாது, அதனால் வெட்டவும் தெரியாது. யோசித்துப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் சரி. முதல் நான்கு ரவுண்டுக்கு அவர்கள் வழி, நேரம் மிச்சம் இருந்தால் கடைசி இரண்டுக்கு என் வழி என்று இப்போதைக்கு ஒரு சமரசத்தில் ஓடுகிறது. வாத்தியாருக்கு இது தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார்.

நாற்பது தாண்டியவர்களுக்கு இன்னொரு தொல்லை, கண். முன் சைட் துல்லியமாகத் தெரிய வேண்டும், குறித்தாள் மங்கலாக இருந்தால் பரவாயில்லை. எல்லாக் கைத்துப்பாக்கிக்கும் இதுதான் பாடம். எனக்கோ தூரக் கண்ணாடியில் தாள் பளிச்சென்றும் சைட் புகையாகவும் தெரியும். படிக்கிற கண்ணாடி போட்டால் இரண்டுமே புகை. ஆற்காடு சாலையில் ஷெல் கண் மருத்துவமனைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு நூல் கொண்டுபோனேன். கண்ணுக்கும் நீட்டிய கையிலிருக்கும் முன் சைட்டுக்கும் இடையே மனைவி அளந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்த நூல். "இந்த தூரத்துக்கு மட்டும் தெளிவாத் தெரியணும் டாக்டர்" என்றேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். சிரித்துக்கொண்டே, வலது கண்ணுக்கு மட்டும் அந்த தூரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியிறங்க முடியாது, பேப்பர் படிக்க முடியாது. சுட மட்டும்தான். முன் சைட்டின் பின்முகத்தில் மனைவியின் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு. கறுப்பு வட்டத்தின் மேல் கறுப்புச் சைட் காணாமல் போகும், சிவப்பு போகாது.

சுடுதளம் மலையடிவாரத்தில். வேலூரில் மலைக்குப் பஞ்சமில்லை, அந்த மலைகளில் மரத்துக்குத்தான் பஞ்சம் என்று நாமே நம்மைக் கேலி செய்துகொள்வது வழக்கம். சுடுவதற்கு அந்த மொட்டைப் பாறை நல்ல அரண். சிவப்புக் கொடி ஏற்றி, ஆடு மேய்க்கிறவர்களுக்குச் சத்தம் கொடுத்து, மண்மேட்டுக்கு முன்னால் தாளைக் கட்டினால் வேலை ஆரம்பம். காலை ஏழுக்குள் முடித்துவிட வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் எட்டு மணிக்கே உள்ளங்கை வேர்த்து, சின்னப் பிடி சோப்புக்கட்டியாக வழுக்கும். பிடியின் மரப் பட்டைகளுக்கு மேல் ராணிப்பேட்டையில் வாங்கிய ஆட்டுத் தோலை, சொரசொரப்புப் பக்கம் வெளியே வருகிற மாதிரி ஒட்டியிருக்கிறேன். தோல் ஊரில் பிறந்ததற்கு இந்த அளவாவது பலன் வேண்டாமா?

அங்கே வாத்தியார் செய்வது ஒரே ஒரு பரீட்சைதான். என்னைத் திரும்பி நிற்கச் சொல்வார். மூன்று உண்மைத் தோட்டா, மூன்று பச்சை உறை, வரிசை மாற்றிப் போட்டு, மூடி, முனை மண்மேட்டைப் பார்த்தபடியே என் கையில் கொடுப்பார். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று எனக்குத் தெரியாது. இழுக்கும்போது வெடித்தால் சத்தத்திலும் உதைப்பிலும் என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியாது. வெடிக்காதபோதுதான் குட்டு வெளிப்படும். பச்சை உறையின் மேல் ஹேமர் 'டொக்' என்று விழும், அந்தக் கணத்தில் முனை கும்பிடு போடும். வராத உதைப்புக்கு முன்கூட்டியே கை தயாராகிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் நிற்கிற எல்லோரும் பார்ப்பார்கள். .32 ஒன்றும் பெரிய உதை இல்லை. ஆனாலும் உடம்புக்குச் சத்தம் என்றால் பயம், காதை எவ்வளவு அடைத்தாலும் அது பயப்படும். இந்தப் பரீட்சைக்கு ரிவால்வர்போல வசதியான கருவி கிடையாது. பிஸ்டலில் ஒரு ரவுண்டு வெடிக்காவிட்டால் கையால் இழுத்து அதை வெளியேற்ற வேண்டும். இதில் மறுபடி டிரிகரை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும்.

2014-இல் கான்பூரில் நிர்பீக் என்று ஒரு ரிவால்வர் வெளியிட்டார்கள். டைட்டானியம் கலந்த உலோகம், எடை அரைக் கிலோ அளவுதான், விலை 1,22,360 ரூபாய். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ள வசதி என்று செய்திகளில் வந்தது. விலையைப் பற்றி அப்போது எல்லோரும் பேசினார்கள், எடையைப் பற்றி யாரும் பேசவில்லை. தூக்கிச் செல்ல லேசு, சுட லேசில்லை. இழுப்பு அதேபோல ஐந்து கிலோ என்றால் ஏழு மடங்கு பத்து மடங்காகிவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குக் கனமான துப்பாக்கியைக் கொடுப்பதுதான் நியாயம். குட்டையும் லேசுமான ரிவால்வர் பார்க்கச் சாது. கைத்துப்பாக்கிகளிலேயே அதிகம் படித்தவர்கள் கையில் இருக்க வேண்டியது அதுதான் என்பது என் கட்சி.

பயிற்சிக்கு நடுவே வருகிற பெரிய இடைவேளைகளைத் தேர்தல் ஆணையம் முடிவு செய்கிறது. தேதி அறிவித்ததும் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ கொடுத்து ரசீது வாங்கி வந்தால், ஓட்டு எண்ணி எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பும். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று நமக்குத் தேர்தலுக்குக் குறைவில்லை. அந்த வாரங்களில் ஸ்பிரிங் வைத்த கைப்பிடிதான் துணை. டி.வி.யில் தலைவர்கள் பேசப் பேச நான் அதை இறுக்கிக்கொண்டிருப்பேன். மூன்று விரல் இறுகியிருக்க, ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக மடங்கி நீள வேண்டும். கேட்க எளிது. செய்து பாருங்கள், மோதிர விரல் கூடவே ஆடும். துப்பாக்கி திரும்பி வந்த முதல் வாரம் சுவரெதிரே நின்றால், முன் சைட் முன்பைவிட நிதானமாக நிற்கிறது. துப்பாக்கியே இல்லாமல் தேறுகிற பாடமும் இதில் இருக்கிறது என்று அதில்தான் தெரிந்தது.

போன உள்போட்டியில் என்னோடு இறங்கியவர்களில் பலரிடமும் இதே கான்பூர் .32 தான். நகைக்கடைக்காரர் ஒருவர், அரிசி ஆலைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர். பெரும்பாலோர் சுட்டது தாளின் கீழ் இடது மூலையில் கொத்தாக விழுந்திருந்தது. வலது கைக்காரன் டிரிகரை வெட்டினால் குண்டு போகிற இடம் அது. என் தாளில் நான்கு நடுவட்டத்தை ஒட்டி, ஐந்தாவது கொஞ்சம் மேலே, ஆறாவது மூலையில். ஆறாவது என் வழியில் நின்று நிதானித்துச் சுட்டது. வாத்தியார் அந்த ஓட்டையில் சுண்டு விரலை விட்டுக் காட்டினார், வாயைத் திறக்கவில்லை. டல்லாஸுக்குப் படம் அனுப்பினேன். தம்பி ஆறாவது ஓட்டையைச் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினான்.

இப்போது இடது கை ஆரம்பித்திருக்கிறோம். வலது கை மாதங்களாகக் கற்றதில் ஒன்றைக்கூட இடது கைக்குச் சொல்லித்தரவில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. இந்த ரிவால்வரின் தாழ்ப்பாளும் வலது கைக்காரனை நினைத்து வைத்தது. இடது கையில் பிடித்தால் அதைத் தள்ளக் கட்டை விரல் எட்டாது, ஆள்காட்டி விரலால் தள்ளிப் பழக வேண்டியிருக்கிறது. அடுத்த உள்போட்டியில் இடது கைக்கும் ஒரு சுற்று வைக்கச் சொல்லி வாத்தியார் சங்கச் செயலாளரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். செயலாளர் பிடி கொடுக்கவில்லை. வலது கையிலேயே பாதிப் பேர் தாளுக்கு வெளியே சுடுகிறார்கள், இடது கையில் சுடவிட்டால் தாள் கட்டுகிற பையன் வேலையை விட்டுப் போய்விடுவான் என்கிறார்.